விலக்கப்பட்ட மீன்

அசிகொண்டே, தப்பனஹோனி ஆறு
14 மார்ச் 2004

அன்புத் தம்பி வென்ஸ்லிக்கு, தமக்கை ஹெர்மினா எழுதுவது.

ஆற்றின் மேற்புறத்தில் நாங்கள் உடல்நலத்தோடு இருக்கிறோம். கடலருகே, பரமரிபோ நகரத்தில், நீயும் அவ்வாறே இருப்பாய் என்னும் நம்பிக்கையோடு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன்.

முதன்மையான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கருவுற்றிருக்கிறேன். இது மூன்றாம் மாதம். ஒன்பது நாள் மட்டுமே நம்மோடு இருந்த என் மகளுக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன; எனக்கும் முப்பத்தாறு வயது நிறைந்துவிட்டது. ஆகவே ஊரார் முன்னிலையில் நான் மகிழ்ச்சியைக் காட்டுவதில்லை. உனக்கு எழுதும்போது மட்டும் காட்டுகிறேன்.

உன் அத்தான் அசாய்தி பொன் அரிக்கும் ஓடையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் அன்யூமாரா மீன் கொண்டுவருகிறார். ஆற்றிலுள்ள மற்ற மீன்களையெல்லாம் விழுங்கி வளரும் அந்தப் பெரிய மீனைக் கருவுற்ற மனைவிக்குக் கொண்டுவருவதே ஓர் ஆணுக்கு மதிப்பு என்பது நீ அறிந்ததே. குமாலு மீன் இவ்வீட்டில் நுழைவதில்லை. பத்தாண்டு நகரவாழ்வில் நீ மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்: குமாலு அவருடைய தந்தைவழியினர் உண்ணக்கூடாத விலக்கு. தந்தையின் விலக்கே குழந்தைக்கும் விலக்கு. குழந்தை என் வயிற்றில் இருக்கும்வரை அது எனக்கும் விலக்கு.

சென்ற வாரம் நகரத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தது. கருவுற்ற பெண்கள் பதினொருவரின் பிடரியிலிருந்து ஒரு பென்சில் பருமனுக்கு முடியை வெட்டி உறையிலிட்டார்கள். பொன் அரிப்போர் பயன்படுத்தும் பாதரசம் நம் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை முடி காட்டிக்கொடுத்துவிடுமாம். குழுவிலிருந்த இளைஞன் மைப்பெட்டியைத் திறந்து, "கட்டைவிரல இப்படிக் குடுங்கம்மா" என்றான். "பேனாவக் குடுங்க தம்பி" என்றேன். என் பெயர், கணவர் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் ஒரு பிழையுமின்றி எழுதி முடிக்கும்வரை அவன் மைப்பெட்டியை மூடவேயில்லை. முடிவுத் தாள் நகரத்து அலுவலகத்துக்கு வருமாம். பெற்றுக்கொள்ளும் உறவினராக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அனுப்பு.

குழந்தையின் தாய்மாமன் நீ. அந்தப் பொறுப்போடு உணவுண்டு, உறங்கி, நலமாக இரு.

உன் தமக்கை,
ஹெர்மினா


பரமரிபோ
2 ஏப்ரல் 2004

என் அக்காவுக்கு,

இங்கே நான் நலம். ஒரு பல் மட்டும் நலமில்லை, அதைப் பிடுங்கியாயிற்று. நீயும் உள்ளே இருப்பவனும் (அல்லது இருப்பவளும்) எப்படி?

உன் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தேன். உட்கார்ந்து வாசித்தால் அது கோபித்துக்கொள்ளும் போலிருந்தது. நல்ல செய்தி என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "உங்கக்கா டாக்டரா, வக்கீலா?" என்று கேட்டார், உன் எழுத்தைப் பார்த்து. "அரிசி மூட்டையிலயும் எண்ணெ டின்னுலயும் இருக்கிற எழுத்தப் பாத்துத் தானா படிச்சவங்க" என்றேன். நம்பவில்லை.

படகுக்காரர் லீனோவிடம் சோப்பு, பால் டின், இரண்டு கெஜம் மெல்லிய துணி கொடுத்திருக்கிறேன். அத்தானுக்கான பெட்டி தனி. அதை அவரே திறக்கட்டும். நிமிர்த்தியே வை, கவிழ்க்காதே.

நான் அதே சரக்குக் கடையில்தான் இருக்கிறேன். எடை போடுவது, மூட்டை கட்டுவது, ரசீது எழுதுவது. சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தாள் வந்ததும் அனுப்புகிறேன். அதற்குள் நன்றாகச் சாப்பிடு.

தாய்மாமன்,
வென்ஸ்லி


அசிகொண்டே
11 மே 2004

அன்புத் தம்பிக்கு,

பல் போன இடம் ஆறியிருக்கும் என நினைக்கிறேன். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. ஐந்து நாள்களாகக் குழந்தையின் அசைவை உணர்கிறேன். இதுவரை எழுதியது நலம். இனி எழுதுவது வேறு.

பள்ளிக்கூடத்துக்குக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் எனக்கொரு அகராதியை இரவல் கொடுத்தது உனக்குத் தெரியும். அவர் டிசம்பர் மாத இறுதியில் மாற்றலாகிப் போய்விட்டார். உன் அத்தான் அப்போது ஓடையில் இருந்தார். பத்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போவார். நேற்று ஆற்றுத்துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது லிசெத்தா என் காதில் விழும்படியே கேட்டாள்: "வயித்துல இருக்கிறது அசாய்தி எழுதினதா, இல்ல வாத்தியாரு எழுதிக் குடுத்ததா?" சுற்றியிருந்தவர்கள் கலத்தைத் தேய்ப்பதுபோல் குனிந்து சிரித்தார்கள்.

"லிசெத்தா, ஓம்பேர எழுதத் தெரிஞ்சதும் வா, பதில் சொல்றேன்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. படித்த திமிர் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் குழந்தை அசாய்தியுடையது. இதை எழுத்தில் எழுத நேர்ந்ததையே அவமானமாகக் கருதுகிறேன், எனினும் எழுதிவிட்டேன். அந்த ஆசிரியர் எனக்கு ஓர் எழுத்தைக்கூடக் கற்பிக்கவில்லை என்பதையும் இதே வரியில் பதிவு செய்கிறேன்.

அங்கிருந்த என் மாமியார் மா யாபா அந்தப் பெண்களை அதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எவ என்ன பேசினா என்னடி. பொறந்ததும் புள்ளையோட தோல் சொல்லிடும்." அவர் சொல்வதன் பொருளை நீ அறிவாய். தந்தையின் விலக்கைத் தாய் உண்டால் குழந்தையின் தோல் தடித்துச் சிவக்கும். உண்டும் தோல் தெளிவாக இருந்தால், தந்தை வேறொருவன்.

சென்ற வாரம் சுகாதார நிலையத்து உர்சுலா படகில் வந்து கருவுற்றவர்களை உட்காரவைத்துப் பேசினாள். "மீனத் தின்னுற மீன் வேணாங்க. அதுலதான் பாதரசம் சேந்து சேந்து கெடக்கும். வயித்துப் புள்ளையோட மூளைக்கு ஆகாது. எல, பழம் தின்னுற மீனாப் பாத்துத் தின்னுங்க" என்றாள்.

"எல தின்னுற மீன்னா எது?" என்று கேட்டேன்.

"குமாலுதான். அதவிட நல்லது இந்த ஆத்துல இல்ல."

மா யாபா எழுந்து போய்விட்டார். கோழி தின்னலாமே என்றாள் உர்சுலா. ஊரில் உள்ளவை ஆறு கோழிகள். காட்டிறைச்சி முழுவதும் பொன் முகாம்களுக்குப் போய்விடுகிறது.

ஆகவே என் நிலைமை இதுதான், தம்பி. அன்யூமாராவை உண்டால் குழந்தைக்குக் கேடு வரலாம். குமாலுவை உண்டு குழந்தை நலமாகப் பிறந்தால், அந்த நலமே எனக்கு எதிரான சாட்சியாகும். ஒருவேளை என் உடம்பில் பாதரசம் சிறிதளவே இருக்கலாம்; அப்படியானால் ஒரு தொல்லையுமில்லை, உன் அத்தான் கொண்டுவருவதையே உண்டு முடிப்பேன். அந்தத் தாளிலுள்ள எண்ணே இதை முடிவு செய்யும். அதனால் ஒருநாளும் தாமதியாதே.

உன் உடல்நலம் பேணி எழுது.

ஹெர்மினா


பரமரிபோ
20 ஜூன் 2004

என் அக்காவுக்கு,

நலமா? இங்கே நலம்தான். மழை விட்டபாடில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்; வீட்டுக்காரம்மாவின் நாய் மேசைமேல்தான் குடியிருக்கிறது. ஞாயிறன்று பந்தாட்டத்தை நிறுத்திவிட்டார்கள், கோல் கம்பமே தெரியவில்லை.

உயிருள்ள கோழியை விமானத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டார்களாம். அதனால் டின்னில் அடைத்த மத்தி மீன் நாற்பத்தெட்டு டின் அனுப்பியிருக்கிறேன். அதையே சாப்பிடு, அக்கா. ஆற்று மீன் என்றைக்கும் கிடைக்கும். மத்தி எப்போதாவதுதான் கிடைக்கும். தினமும் ஒரு டின் என்று வைத்துக்கொள். இரண்டு என்றாலும் சரி.

லிசெத்தா பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

குழந்தை நன்றாக உதைக்கிறதா? எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணி எழுது.

வென்ஸ்லி


அசிகொண்டே
4 ஜூலை 2004

அன்புத் தம்பிக்கு,

மழை வடிந்து நாய் மேசையிலிருந்து இறங்கியிருக்கும் என நம்புகிறேன். நான் நலமாகவே இருக்கிறேன். ஏழாம் மாதம். காலையில் பதினோரு முறை, படுக்கும்போது அதற்கும் கூடுதலாக.

மத்தி மீனுக்கு நன்றி. அவற்றுள் முப்பது டின்களை உன் அத்தானின் கூட்டாளிகள் முகாமுக்கு எடுத்துச் சென்றார்கள். எஞ்சியவற்றை மா யாபா உறவினர்க்குப் பகிர்ந்தளித்தார். "என் மவன் ஆத்துல எறங்கி மீன் புடிக்கிறான், இவ தகரத்தத் தொறந்து தின்னுவாளாம்" என்றார். எனக்குக் கிடைத்தவை இரண்டு. ஆகவே அன்யூமாராவே தொடர்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மழைக்கு விடை இருக்கிறது, நாய்க்கு விடை இருக்கிறது, லிசெத்தாவுக்கும் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் விடை இல்லை. தாள் வந்துவிட்டதா?

நாற்பத்தெட்டு டின் மீனை எதற்காக அனுப்பினாய் என்றும் சேர்த்து எழுது.

ஹெர்மினா


அசிகொண்டே
18 ஜூலை 2004

வென்ஸ்லிக்கு,

உன் நலம் விசாரிக்கும் கடமை எனக்குண்டு, விசாரித்ததாகக் கொள்.

இன்று உர்சுலா வந்திருந்தாள். கீழூர்ப் பெண்கள் நால்வருக்கும் தாள்கள் ஜூன் மாதமே வந்துவிட்டன என்றாள். "உங்களுது மட்டும் ஏன் வரலைன்னு நெலையத்து ரேடியோவுல ஆபீசக் கூப்பிட்டுக் கேட்டேன்க்கா. உங்க தம்பி ஜூன் ஒம்பதாம் தேதியே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாராம்."

நான் அவளிடம், தாள் என் தம்பியிடமே பத்திரமாக இருக்கிறது, நான்தான் அனுப்ப வேண்டாமென்று எழுதியிருந்தேன் என்று சொன்னேன். பொய் சொன்னேன். நம் குடும்பத்தைப் பற்றி அயலார் ஒன்றும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

ஜூன் ஒன்பதுக்குப் பிறகு இன்றுவரை இருபது முறை அந்த மீனை உண்டிருக்கிறேன். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நேற்றிரவும் உண்டேன். ஒரு மீனின் தலை இன்னும் சட்டியில் இருக்கிறது.

லீனோவின் படகு வியாழனன்று கீழே புறப்படும். அவர் திரும்பி வரும்போது தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

ஹெர்மினா


பரமரிபோ
30 ஜூலை 2004

அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை இருக்கும். உன் எண் பதினான்கு புள்ளி இரண்டு. அது சிவப்பில் இருக்கிறது, நடுவில்கூட இல்லை, மேல்விளிம்புக்குப் பக்கத்தில்.

அலுவலகத்து அம்மா எனக்குப் பொறுமையாகவே விளக்கினார். "உங்கக்கா உடம்புக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கிற புள்ளைக்குத்தான் போகும். காது, கண்ணு, நடக்கிறது, பேசுறது, படிப்பு, எதுல வேணா குறை வரலாம், வராமயும் இருக்கலாம். ஆனா இன்னிக்கு அந்த மீன நிறுத்தினா இன்னிலேருந்தே கொறையும். மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்தவன் உனக்கு மழையைப் பற்றி எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். என் கடை சரக்குக் கடை இல்லை. பொன் வாங்கும் கடை. பொன் கொண்டுவருகிறவர்களுக்குப் பாதரசம் விற்பதும் நாங்கள்தான். பால் டின் பெட்டிக்குள் பாட்டில்களை வைத்து வைக்கோல் அடைத்துக் கட்டுவது என் வேலை. அத்தானுக்கு நான் அனுப்பிய பெட்டிகள் எல்லாம் அவைதான். நிமிர்த்தி வை என்றது அதனால்தான். அத்தான் பொன்துகளை அதில் சேர்த்துத் திரட்டிச் சுடுகிறார். புகை மேலே போய் மழையோடு இறங்குகிறது. மீதி ஓடையில் ஓடுகிறது. சின்ன மீன் தின்கிறது, பெரிய மீன் அதைத் தின்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையை எண்ணிப் பார்த்தேன். ஒரு நுனியில் நான் இருந்தேன், மறுநுனியில் நீ.

உனக்கு எழுதினால் அத்தானுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், சொந்தத் தாய்மாமனே கட்டி அனுப்பினான் என்பார்கள். மத்தி மீனை அனுப்பினால் காரணம் சொல்லாமலே நீ மாறிவிடுவாய் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

அத்தான் வீட்டில் சுட்டால் சமையல் கொட்டகையில் சுடவிடாதே. அந்தப் புகையும் ஆகாது.

வேறு எழுதத் தெரியவில்லை.

வென்ஸ்லி


அசிகொண்டே
19 ஆகஸ்ட் 2004

வென்ஸ்லிக்கு,

தாள் வந்து சேர்ந்தது. எண்ணை வாசித்தேன். அடியிலிருந்த சிறிய எழுத்துகளையும் வாசித்தேன்.

அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்பதை நான் அறியாதிருந்தேன் என்று நீ நினைத்திருந்தால் அது என் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். சென்ற ஆண்டே அறிவேன். என் கணவரின் பிழைப்புக்கு உதவுகிறாய் என்று கருதி வாய் திறவாதிருந்தேன். அந்த மௌனத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் ஏழு வாரம் தாளை வைத்திருந்ததற்கு நீ பொறுப்பு. அவ்விரண்டையும் ஒன்றாக்கி என்னால் பார்க்க இயலாது.

தாளை உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். நான்கு மீன்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கத்தியை வைக்காமலே கேட்டார்.

"அப்ப நான் ஆறு மாசமா ஒனக்கு வெசத்தக் கொண்டாந்து போட்டிருக்கேன்னு சொல்ற."

"நீங்க மீன் கொண்டாந்தீங்க. நான் தின்னேன். ரெண்டு பேருக்கும் தெரியாது."

"ஆத்துக்குத் தெரியுமே."

"ஆறு எழுதி அனுப்பலையே. இவங்கதான் எழுதி அனுப்பிருக்காங்க."

மா யாபா வாசற்படியிலிருந்து, "மீனு வயித்துல என்ன இருக்குன்னு காகிதத்துக்கு எப்படிடா தெரியும்? உன் பொண்டாட்டி படிப்பா படிச்சுக் கெட்டா" என்றார். உன் அத்தான் தாயை அதட்டவில்லை. மீன்களை வாரிக் கூடையிலிட்டுப் பக்கத்து வீட்டு முதியவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். பொன் சுடும் வாணலியை நான் கொட்டகையிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே வைத்தேன். அவர் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

இரண்டு நாள்கள் வெறும் மரவள்ளி அப்பமும் வெண்டைக்காயுமே உண்டேன். மூன்றாம் நாள் காலையில், "குமாலு தின்னப் போறேன். நானே தூண்டில் போட்டுப் புடிச்சுக்கிறேன்" என்றேன். அவர் முகம் எப்படி மாறிற்று என்பதை எழுத எனக்குச் சொல் போதவில்லை. அவருடைய தந்தை, தந்தையின் தந்தை, எவரும் அந்த மீனைத் தொட்டதில்லை.

"புள்ள தோல் தடிச்சுப் பொறக்கும், ஹெர்மினா."

"தோல் ஆறும். மூளை ஆறுமா?"

"தடிக்கலைன்னா?" என்றார். அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதைக் குரலில் அறிந்தேன். ஆற்றுத்துறைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"தடிக்கலைன்னா ஊரு பேசும். நீங்க என்ன பேசப்போறீங்க?" என்று கேட்டேன். அவர் போய்ப் படகை அவிழ்த்தார்.

மேல்நீரோட்டத்தில், பழம் உதிரும் மரமொன்று ஆற்றின்மேல் சாய்ந்து நிற்கும் இடத்துக்கு என்னை ஓட்டிச்சென்றார். எட்டாம் மாத வயிற்றோடு நான் முன்னால் அமர்ந்து தூண்டிலிட்டேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்துகொண்டு, துடுப்பால் படகை நிலைநிறுத்தினார். மீன் இழுத்துப் படகு ஆடியபோது, "என்ன புடிச்சன்னு சொல்லாத. எனக்குத் தெரிய வேணாம்" என்றார். அங்கேயே மணல்திட்டில் சுட்டு உண்டேன். அவர் காட்டுப் பக்கம் பார்த்து நின்றார். அன்றிலிருந்து வாரம் நான்கு முறை இவ்வாறு நடக்கிறது. ஊராருக்கு, தோட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

இவையனைத்தையும் உனக்கு எழுதுவதன் காரணம், ஒன்றையும் மறைக்காமல் ஒரு கடிதம் எப்படி எழுதப்படும் என்பதை நீ பார்ப்பதற்காக.

ஹெர்மினா


பரமரிபோ
8 செப்டம்பர் 2004

என் அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் உண்டா? இனி மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கடையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. விடவில்லை. பாட்டில்களை மட்டும் இனிக் கட்டமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு அந்த வேலையைப் பக்கத்து மேசைக்காரனுக்குக் கொடுத்தார். அவன் என்னைவிட நன்றாகக் கட்டுகிறான். ஆற்றுக்குப் போய்ச் சேர்வது அதே அளவுதான், அக்கா. இதையும் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். வேறு வேலை தேடுகிறேன்.

பேறுகாலத்துக்கு நகரத்துக்கு வந்துவிடு. ஆஸ்பத்திரி இருக்கிறது, யாரும் துணியை விலக்கித் தோலைப் பார்க்கமாட்டார்கள். நீ வராவிட்டால் நான் அங்கே வருகிறேன். குழந்தையின் தோல் தெளிவாக இருந்து, யாராவது வாய் திறந்தால், தாய்மாமனாக நான் ஊர்ச்சபையில் எழுந்து பேசுகிறேன். நீ எந்த மீனையும் தின்னவில்லை என்று சொல்லிவிடு. அத்தானும் பார்க்கவில்லை என்று சொல்லட்டும். அவர் பார்க்கவும் இல்லையே.

வென்ஸ்லி


அசிகொண்டே
21 செப்டம்பர் 2004

வென்ஸ்லிக்கு,

கால்களில் வீக்கம் உண்டு; உர்சுலா அஞ்ச வேண்டாம் என்கிறாள். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.

நகரத்துக்கு வரமாட்டேன். ஊரைவிட்டுப் போய்ப் பெற்றால், ஒளித்துப் பெற்றேன் என்பார்கள். நீயும் வராதே. சபையில் நீ எழுந்தால், பாட்டில் கட்டியவன் பேசுகிறான் என்று எவராவது சொல்லக்கூடும். அப்போது உனக்காக நான் பேச வேண்டியிருக்கும். எனக்கு அந்த வலிமை இப்போது இல்லை.

கடையைப் பற்றி உண்மையை எழுதியதற்கு நன்றி.

ஹெர்மினா


அசிகொண்டே
16 அக்டோபர் 2004

அன்புத் தம்பிக்கு,

உன் நலமறிய விரும்புகிறேன். நான் நலம். எழுந்து நடக்கிறேன், நன்றாகப் பசிக்கிறது.

இம்மாதம் மூன்றாம் தேதி, சுகாதார நிலையத்தில், காலை ஒன்பது மணிக்கு மகன் பிறந்தான். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. பிறந்தவுடன் அழுதான். தோல் தெளிவாக இருந்தது. மா யாபா அவனை வாங்கி, அக்குள், தொடை, காதின் பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அவர் பேசாதது லிசெத்தாவுக்குப் போதுமானதாயிருந்தது. விலக்கை மீறினேன் என்ற ஐயம் எப்படியோ முன்பே பரவியிருந்தது. வாரம் நான்கு நாள் தோட்டத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை எவர் நம்புவார்.

உன் அத்தான் அன்று பகல் முழுதும் வெளியே மரத்தடியிலேயே அமர்ந்திருந்தார். குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தார், பார்த்தார், போனார்.

இரண்டாம் நாள் காலையில் உர்சுலா எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டதும் பெண்கள் பார்க்க வந்தார்கள். மா யாபா துணியை அவிழ்த்தார். மார்பிலும் முதுகிலும் சிவந்த திட்டுகள், நடுவே வெளுத்த மொட்டுகள், கொசுக் கூட்டம் கடித்ததுபோல். மா யாபா குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கடி. நல்லாப் பாருங்க. லிசெத்தா, நீ கிட்ட வந்து பாரு. இது எங்க குலத்துத் தோலு. எம் மவன் புள்ள." அழுதுகொண்டே சொன்னார். பிறகு குழந்தையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார். "ஹெர்மினா, நீ என்னத்தடி தின்ன?"

உர்சுலா என் காதருகே குனிந்தாள். "அக்கா, பாதிப் பிள்ளைங்களுக்கு ரெண்டாம் நாள் இப்படித்தான் வரும். எந்த மீனும் இல்ல. நாலு நாள்ல தானாப் போயிடும். நான் சொல்லட்டுமா?"

தம்பி, எழுத்தறிந்த நாள்முதல் உண்மையை மட்டுமே பேசுவதாக நான் கொண்டிருந்த பெருமிதத்தை நீ அறிவாய். அவள் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினேன். அவள் வாய் மூடிக்கொண்டாள். பிறகு மா யாபாவிடம் சொன்னேன்: "குமாலு தின்னேன். ஏழு வாரமாத் தின்னேன். காகிதத்துல போட்டிருந்த எண்ணு சிவப்புல இருந்தது. இன்னொரு புள்ளைய ஒம்பதாம் நாள் பொதைக்க எனக்குத் தெம்பு இல்ல."

"எவன்டி புடிச்சுக் குடுத்தான்?"

வாசலிலிருந்து உன் அத்தான் குரல் வந்தது. "அவளே புடிச்சா. படக நான் ஓட்டினேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அவர். ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர். அவ்வளவு பேர் முன்னிலையில், ஒரு பொய்யால், அந்த மீனின் பழியைத் தன் தலையிலும் ஏற்றிக்கொண்டார்.

மா யாபா எங்கள் இருவரையும் வைத வசவுகளை நான் எழுதப்போவதில்லை. சிலவற்றுக்கு என் அகராதியில் சொல்லே இல்லை. அன்று மாலையே உன் அத்தான் முன்னோரை வணங்கும் கம்பத்தடியில் நீர் வார்த்து, மறைந்த தந்தையிடம் பொறுக்கச் சொல்லி வேண்டினார். குழந்தையை மூன்று நாள்கள் இலைநீரில் குளிப்பாட்டினார்கள். திட்டுகள் மறைந்தன. இலைநீரால் மறைந்தன என்று ஊர் சொல்கிறது. உர்சுலா என்னைப் பார்க்கிறாள். நான் குழந்தையைப் பார்க்கிறேன். நேற்று கருவுற்ற பெண்கள் இருவர் வந்து, தங்கள் கணவன்மாருக்குக் குமாலு விலக்கில்லை, எந்த மரத்தடியில் கிடைக்கும் என்று கேட்டுப் போனார்கள்.

இனி நான் எழுதத் தயங்கியதை எழுதுகிறேன். குழந்தையை மீண்டும் பார்க்க வந்த உர்சுலா புறப்படும் முன் சொல்லிப் போனாள்: "தூங்கும்போது காதுக்குப் பின்னாடி கை தட்டிப் பாருங்கக்கா. திடுக்குன்னு அசையணும். அசைஞ்சா காது கேக்குது. மத்ததெல்லாம் நடக்கும்போது, பேசும்போதுதான் தெரியும்." அவள் சொல்லி நான்கு நாள்கள் ஆகின்றன. நான் தட்டவில்லை. ஒவ்வொரு முறையும், நன்றாக உறங்கட்டும் என்றேன். பால் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். இன்று காற்று இரைச்சலாயிருக்கிறது என்றேன். உன் ஏழு வாரங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவை எதனால் ஆனவை என்பதை இந்த நான்கு நாள்களில் தெரிந்துகொண்டேன்.

பேனாவை வைக்கிறேன்.

எழுந்து போய்த் தட்டினேன். முதல் தட்டு எனக்கே கேட்கவில்லை. கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டாவதை ஓங்கித் தட்டினேன். இரு கைகளையும் விரித்து உதறி, முகம் சிவந்து வீறிட்டான். மா யாபா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "தூங்குற புள்ளைய எதுக்குடி இப்படி அடிச்சு எழுப்புற, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று அவனைப் பறித்துக்கொண்டார். நான் சிரித்தேன். அவர் மேலும் வைதார்.

இன்னும் அழுகிறான். பால் கொடுக்க வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
ஹெர்மினா